பேசிவிட்ட மெட்டு

அல்மாட்டி,
செப்டம்பர் 1984

அன்பு மருமகன் எர்மெக்குக்கு,

உன் தாய்மாமன் துர்சுன் எழுதுகிறேன். கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரித்துவிட்டு, அதை அங்கேயே மறந்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி மறக்க முடியவில்லை. நீ நலமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் போதும். மற்றதை நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றில் ஆப்பிள் காய்ப்பு பற்றி எழுதினேன், இன்னொன்றில் நம் கால்பந்து அணி தோற்றதைப் பற்றி எழுதினேன். ஆப்பிள் காய்த்தது உண்மை. அணி தோற்றதும் உண்மை, அது எந்த வருஷம் பொய்யாகியிருக்கிறது? ஆனாலும் இரண்டும் பொய்க் கடிதங்கள்தான், சொல்ல வேண்டியதை மறைக்க எழுதியவை. நடுவில் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்கும் ஒரு சலாம். தோழரே, இதில் ராணுவ ரகசியம் ஏதுமில்லை, ஒரு மனிதன் மானம் கெட்ட கதைதான். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இறந்துவிட்டாய் என்று உன் அம்மா நம்புகிறாள். அவளை நம்ப வைத்தவன் நான். உடம்புக்கு அவளுக்கு ஒன்றுமில்லை, ரொட்டிக் கடை வேலைக்குத் தினமும் போகிறாள், எடை சரியாகப் போடுகிறாள், சில்லறை சரியாகக் கொடுக்கிறாள். அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில், போலத் எடுக்கும் படத்துக்கு நான் இசையமைக்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சும்மா இருந்தாயா? “மாமா, இந்தப் படத்துலயாவது உங்க இசை காதுல விழுமா, இல்ல வழக்கம்போல குதிரைக் குளம்புல நசுங்கிடுமா?” என்றாய். கூட்டமே சிரித்தது. மருமகன் மாமனைக் கேலி பண்ணாமல் யார் பண்ணுவது, நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது நீ சொன்னது சரி என்று பட்டது. இத்தனை படங்களில் என் இசையைக் கேட்டு ஒருவராவது ஒரு சொல் சொன்னதில்லை. நடிகையின் சட்டை நன்றாக இருந்தது என்பார்கள், மலை நன்றாக இருந்தது என்பார்கள்.

எங்கள் தொழிலின் லட்சணம் அப்படி. திரையில் படத்தை ஓடவிட்டு, கையில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, மெட்டை அந்த நீளத்துக்கு வெட்டித் தைக்க வேண்டும். கதாநாயகி அழுதால் வயலின், குதிரை ஓடினால் மேளம், முத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் புல்லாங்குழல். இயக்குநர் காட்சியில் நாலு அடியை வெட்டினால் நான் மெட்டில் நாலு அடியை வெட்ட வேண்டும். தையற்காரனாவது வந்தவனின் உடம்பை ஒரு தடவை அளந்து பார்க்கிறான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்றே தெரியாமல் தைக்கிறோம்.

போலத்தின் படம் பழைய யுத்த காலத்துக் கதை. புருஷன் போர்முனையில். மனைவி அறுவடை செய்துகொண்டு காத்திருக்கிறாள். ஒருநாள் மூன்று ஆண்கள் வீட்டுக்கு வருகிறார்கள், சலாம் சொல்லவில்லை, தேநீரைத் தொடவில்லை, ஒருவர் இரண்டு நரம்பு டோம்ப்ராவை மடியில் வைத்து வாசிக்கத் தொடங்குகிறார். நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சாவை வாயால் சொல்லும் துணிச்சல் நமக்கு இல்லை. டோம்ப்ராதான் சொல்ல வேண்டும், கேட்கிறவள் அதிலிருந்து தானே தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. எல்லாவற்றையும் என் மெட்டு சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு காட்சி ஓர் இசையமைப்பாளனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும்.

நான் இரண்டு மெட்டு போட்டேன். முதலாவதைப் போலத் பாதியிலேயே நிறுத்திவிட்டான். இரண்டாவதை முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான், “துர்சுன், அழகா இருக்கு. அதான் தப்பு. இதைக் கேட்டு எந்தப் பொம்பளையாவது விழுவாளா, நீயே சொல்லு.” வாத்தியக் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நான் தாளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது மெட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வயலின் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு டோம்ப்ரா, பின்னால் வில்லால் இழுக்கும் ஒரு கோபிஸ், அவ்வளவுதான் வைத்தேன். ஆரம்பத்தில் சும்மா குதிரை நடை போல வரும். அப்புறம் ஒரு காலைத் தூக்கி வைக்கத் தயங்கும். திரும்பத் திரும்ப அதே இடத்தில் தயங்கும். எழுதி முடித்ததும் எனக்கே கை சில்லிட்டது. ஆனால் எனக்குச் சில்லிட்டால் போதுமா? கேட்டு விழுவதற்கு ஒருத்தி வேண்டும் அல்லவா?

அந்த வாரம் எங்களுக்கு உங்கள் ஊர் ஜம்பிலில் வேலை இருந்தது. படத்துக்கு ரயில் சத்தமும் காற்றுச் சத்தமும் வேண்டுமென்று ஒலிப்பதிவுக்கார ஸ்லாவாவை அனுப்பினார்கள். கோபிஸ் வாசிக்கும் ஜப்பார் பெரியவருக்கு அந்த ஊர்தான் பூர்வீகம், அவரும் வந்தார். நான் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சேர்ந்துகொண்டேன். அந்த யோசனை வழியில்தான் வந்தது என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை, பெட்டியில் சட்டைக்கு முன்னால் டோம்ப்ராவை வைக்கும்போதே வந்துவிட்டது.

உங்கள் வீட்டு மாடிப்படி உனக்குத் தெரியும். மத்தியானம், கடை இடைவேளை. அம்மா கதவைத் திறந்தாள். நான், எனக்குப் பின்னால் தாடியோடு ஜப்பார், அவருக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்லாவா. மூன்று ஆண்கள். உன் அப்பாவின் லாரி மலைப்பாதையில் உருண்டபோது அவளிடம் வந்தவர்களும் மூன்று பேர்தான். அப்போதும் மத்தியானம்தான். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அந்த மூவரில் ஒருவர் என் அப்பா, அதாவது உன் தாத்தா.

அவள் முகம் ஒரு கணம் மாறியது. என்னைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. தம்பி வந்திருக்கிறான், கூட சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தாள். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளைக் கொட்டினாள், குதிரைக் கறி நறுக்கினாள், நீ எழுதிய கடைசிக் கடிதத்தை ஜப்பாருக்குப் படித்துக் காட்டினாள். தெற்கே வெயில் அதிகம், நாங்கள் மரம் நடுகிறோம் என்று எழுதியிருந்தாயே, அதுதான். ஆப்கானிஸ்தானில் நம் பையன்கள் என்ன நடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான், “என் பையன் நட்டா ஒண்ணுகூடப் பட்டுப்போகாது” என்று பெருமையடித்துக்கொண்டாள். அந்தக் கடிதம் பனி உருகுவதற்கு முன் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். “அக்கா, படத்துக்கு ஒரு மெட்டு போட்டிருக்கேன், கேட்டுச் சொல்லு.” இவ்வளவுதான். குழந்தைகூடச் சொல்லியிருக்கும். சொல்லிவிட்டால் அவள் சினிமா இசை என்று தெரிந்து கேட்பாள், அப்படிக் கேட்டால் மெட்டுக்குப் பலம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். அவள் சமையலறையிலிருந்து தேநீர்க் குவளையோடு வந்தபோது நான் பேச்சை நிறுத்தினேன், தேநீரை வாங்காமல் டோம்ப்ராவை மடியில் எடுத்தேன், அவள் முகத்தைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினேன்.

ஜப்பாருக்கு நான் செய்வது புரியவில்லை. ஒத்திகை என்று நினைத்துக் கோபிஸை எடுத்துச் சேர்ந்துகொண்டார். ஸ்லாவா பழக்கதோஷத்தில் கருவியை ஓட விட்டிருக்கிறான், அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

முதல் தயக்கத்தில் அவள் குவளையை மேஜையில் வைத்தாள். இரண்டாவதில் தலைத்துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவதில், “யாரு?” என்று கேட்டாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள். நான் வாசித்தேன். “துர்சுன், யாருடா?” என்றாள். வாசிக்கிறவன் வாயால் பதில் சொல்லக்கூடாது என்பதுதானே முறை, நான் முறைப்படி வாசித்தேன். அவளுக்கு இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒருவன், அவள் யாரென்று கேட்கத் தேவையே இல்லை. அவள் விழுந்தாள் எர்மெக். போலத் கேட்டானே எந்தப் பெண் விழுவாள் என்று, உன் அம்மா விழுந்தாள். தரையில் கிடந்தபடியே உன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். உயிரோடிருக்கும் பிள்ளைக்குத் தாய் வைக்கக்கூடாத ஒப்பாரி.

அப்போதும் நான் நிறுத்தவில்லை. ஜப்பார்தான் எட்டி என் நரம்புகளின் மேல் கையை வைத்து அழுத்தினார். “விடுடா நாயே, அவளுக்குக் கேட்டுடுச்சு” என்றார். அவர் என் அப்பா வயசுக்காரர், என்னை ‘டா’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

இதற்கு மேலே ஸ்லாவாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். அது பொய். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் மாமன் மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில்கூட அடுத்தவன் தலையில் பழியைப் போடுகிறவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கருவியை ஓடவிடச் சொன்னவன் நான். என் மெட்டு ஒரு வீட்டுக்குள் எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டுமென்று படியேறும்போதே சொல்லி வைத்திருந்தேன். அம்மா அழத் தொடங்கியதும் ஸ்லாவா பயந்து பொத்தானில் கையை வைத்தான், என்னைப் பார்த்தான். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். பதிவாகட்டும் என்றேன். அவள் தரையில் கிடக்கும்போது என் தலைக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, அழுகை எந்தச் சுதியில் ஏறுகிறது, என் டோம்ப்ராவோடு எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தான். இதை உன் அத்தையிடம்கூட நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

எதிர்வீட்டு ஜெர்மன்காரி எம்மா ஓடிவந்தாள், கீழ்வீட்டுக் கொரியக்காரர்கள் வந்தார்கள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். நான் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இது படத்துக்கான இசை அக்கா, எர்மெக்குக்கு ஒன்றுமில்லை, சோதித்துப் பார்க்கத்தான் வாசித்தேன், செருப்பால் அடி என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைத் தன் காலிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

“அப்போ அவன் இருக்கானா?”

“இருக்கான் அக்கா.”

“இருக்கான்னு உனக்கு யாரு சொன்னா?”

பனி உருகியதிலிருந்து உன்னிடமிருந்து கடிதம் இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் ஏதோ உளறினேன், இறந்ததாகக் காகிதம் எதுவும் வரவில்லையே என்றேன். “அவங்க அப்பாவுக்கும் காகிதம் அப்புறம்தான் வந்துச்சு. டோம்ப்ராதான் முதல்ல வந்துச்சு” என்றாள். அவ்வளவுதான். எழுந்து குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டேன். என் மெட்டை ஒருவர் நம்ப வேண்டும் என்று. இப்போது அவள் என் மெட்டை நம்புகிறாள், என்னை நம்பவில்லை. டோம்ப்ரா பொய் சொல்லாது, தம்பிதான் பொய் சொல்வான் என்று முடிவு செய்துவிட்டாள். வாசித்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

எம்மாவுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை என்பதால் அவ்வப்போது எனக்கு இலவசமாகப் பேசுகிறாள், பேசி என்னைத் திட்டுகிறாள். முன்பெல்லாம் உன் அம்மா தபால்காரர் வருவதற்கு முன்பே படியிறங்கி நிற்பாளாம், இப்போது தபால் பெட்டியைத் திறப்பதே இல்லையாம். வெள்ளிக்கிழமை ஏழு ஷெல்பெக் ரொட்டி எண்ணெயில் சுட்டு வீடு வீடாகக் கொடுத்தாளாம். இறந்தவர்களுக்காகச் சுடுவதுதானே. யாருக்காக என்று எம்மா கேட்டதற்கு, சும்மா வீட்டில் எண்ணெய் வாசனை எழும்பட்டும் என்று சுட்டேன் என்றாளாம். அதற்கு அடுத்த வாரம் உன் குளிர்கால மேல்கோட்டைக் கட்டடக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டாள். எம்மா அவரிடம் பேசி அதைத் திரும்ப வாங்கித் தன் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஜெர்மனிக்குப் போக எம்மா குடும்பத்துக்கு அனுமதி வந்தாலும் வரலாம், அதற்குள் நீ வந்து கோட்டை வாங்கிக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் ஜெர்மனிவரை வந்துதான் வாங்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

நான் இரண்டு முறை போனேன். கதவு திறக்கவில்லை. இரண்டாவது முறை உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “வீட்ல ஆம்பளைங்க இல்லைங்க. அப்புறமா வாங்க” என்றாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் என்னை ‘வாங்க’ என்கிறாள். படியிறங்கி வரும்போது காவல்காரர் சலாம் சொன்னார், என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போது உன் அத்தை அங்கே போய் அவளோடு இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டதும் சத்தம் போடவில்லை, பெட்டியைக் கட்டினாள். “இசையமைச்சுக் கிழிச்சது போதும், கொஞ்ச நாள் சமைச்சுச் சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தினமும் சோற்றைக் கருக்கிக்கொண்டிருக்கிறேன்.

ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கும் போய் விசாரித்தேன். அங்கிருந்தவர், காகிதம் வராத வரைக்கும் ஆள் நலம் என்று அர்த்தம், வேறு தகவல் தர எங்களுக்கு அனுமதி இல்லை என்றார். அதை எந்த டோம்ப்ராவில் வாசித்து உன் அம்மாவை நம்ப வைப்பது?

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ நாளைக்குக் கேட்பாய். பதிவை நான் போலத்திடம் கொடுக்கவில்லை, ஆனால் ஸ்லாவா அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான், நான் அணைக்கச் சொல்லவில்லை. கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். போலத் அப்படியே நின்றான், தொப்பியைக் கழற்றினான். அழுவது என் அக்கா என்று சொன்னேன். “பேரை வெட்டிடலாம். பேர் இல்லன்னா யார் அழறாங்கன்னு எவனுக்குத் தெரியும்?” என்றான். படத்தொகுப்பு அம்மாள் உன் பெயர் வருகிற இடங்களையெல்லாம் கத்தரித்து எடுத்தார். ஒலிச்சேர்க்கை முடிந்து, படத்தை அனுமதிக்கும் குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். விளக்குப் போட்டபோது எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. குழுத்தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு காலம் இந்த இசையை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எர்மெக். அதை உன்னிடம் மறைத்து என்ன பயன்? வாசலுக்கு வந்து சிகரெட் பற்றவைக்கும்வரை நல்ல சந்தோஷமாகவே இருந்தது. அப்புறம்தான், அந்த நேரத்தில் ஜம்பிலில் கடை மூடும் வேளை, அவள் ரொட்டிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று ஞாபகம் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் தொகுப்பு அறைக்குப் போய், அந்தக் காட்சியின் ஒலிநாடாவைக் கொடுங்கள் என்றேன். ஏதோ திருத்தம் என்று நினைத்து அந்த அம்மாள் கொடுத்தார். ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று ஓடவிட்டேன். பிறகு இன்னொரு முறை. இரண்டாம் முறை கேட்கும்போது, என் டோம்ப்ரா ஓரிடத்தில் கொஞ்சம் பிசகுவது தெரிந்தது, அதை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டிவிடலாமே என்று மனசு சொன்னது. அந்த நிமிஷம் எனக்கு என்னையே பிடிக்காமல் போனது. எழுந்து அதை அழிப்புக் கருவியில் வைத்துச் சுற்றினேன். ஸ்லாவா தன்னிடமிருந்த மூலப் பதிவையும் கொண்டுவந்து வைத்தான். அதையும் அழித்தேன். கத்தரித்தெடுத்த துண்டுகள் ஒரு காகித உறையில் இருந்தன. விரல் நீளம்கூட இல்லாத நாடாத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் அவள் குரலில் உன் பெயர். அவற்றை மட்டும் கருவியில் வைக்கக் கை வரவில்லை. உன் பெயரை எப்படி அழிப்பது? இப்போது அவை என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருக்கின்றன.

இதை ஒரு நல்ல காரியமாக எண்ணிவிடாதே. நாடாவைத்தான் அழித்தேன். என் தலையில் அது அப்படியே இருக்கிறது, எந்த மூச்சில் எங்கே உடைந்தது என்று ஒரு சுரம் விடாமல் தாளில் எழுதித் தந்துவிடுவேன். தொழில் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. போலத் என்னோடு பேசுவதில்லை. இனி தன் படத்தில் என் நிழல்கூட விழாது என்று ஊரெல்லாம் சொல்கிறான். விழ வேண்டாம். அந்தக் காட்சிக்கு என் பழைய வயலினையே போட்டுவிட்டார்கள். அழகாக இருக்கிறது, ஒருவரும் விழ மாட்டார்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உன் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. நலம் என்று மட்டும் எழுதாதே, அதை எவன் வேண்டுமானாலும் எழுதலாம், நானே எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று சந்தேகப்படுவாள். அவளோடு நீ மட்டும் போடுகிற சண்டையை எழுது. அவள் சுடுகிற ரொட்டியில் உப்பு அதிகம் என்று எழுது. நடுவே என்னையும் நாலு வரி திட்டு. இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தையாகவே போடு, மருமகனுக்கு அந்த உரிமை உண்டு. அதைப் படித்தால்தான் இது அவன் கை, இது அவன் வாய் என்று அவளுக்குத் தெரியும். கையில் அடிபட்டிருந்தால் பக்கத்துப் படுக்கைக்காரனை எழுதச் சொல்லி, கீழே ஒரு கோடாவது கிழி. எம்மா விலாசத்துக்கு அனுப்பு. அம்மா பெட்டியைத் திறப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா?

இந்த உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் என்று என் விலாசத்தைத்தான் எழுதுகிறேன். பெறுவதற்கு ஆள் இல்லை என்று இது திரும்பி வருவதாக இருந்தால் என் கைக்குத்தான் வர வேண்டும், அவள் கைக்குப் போகக்கூடாது. வந்தால், நம் முறைப்படி அவள் வீட்டுக்கு டோம்ப்ராவோடு போக வேண்டியவன் தாய்மாமன் நான்தான். அவள் கதவைத் திறப்பாள், அந்த ஒரு காரியத்துக்காக வந்தால் திறந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்து நான் எதை வாசிப்பேன்? அந்த மெட்டை ஏற்கனவே வாசித்துவிட்டேனே எர்மெக். உனக்கென்று என்னிடம் வேறு மெட்டு இல்லை. அதனால் நீ வந்துதான் ஆக வேண்டும்.

கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் எழுதக்கூடாதுதான், எழுதுகிறேன்: அல்லாஹ் உன் வழியை வெண்மையாக்கட்டும். நடந்தோ, நொண்டியோ, எப்படியாவது வந்து சேர்.

வெட்கத்தோடு,
உன் தாய்மாமன்
துர்சுன்